மதுரையில ஒரு வருஷ பார்ம் டி இன்டர்ன்ஷிப்: போஸ்டிங் வாரியா என் அனுபவம்

போன வாரம் தான் லாக் புக்ல (தினமும் பாத்த கேஸ குறிச்சு கையெழுத்து வாங்குற நோட்டு) கடைசி கையெழுத்து வாங்கிட்டு வந்தேன், ஒரு வருஷம் முழுசா முடிஞ்சுருச்சு. ஜூனியர் பிள்ளைக நாலஞ்சு பேரு தனித்தனியா கேட்டுட்டே இருக்காங்க, அக்கா அந்த ஆஸ்பத்திரி எப்படி, அங்க போனா ஏதாச்சும் கத்துக்க முடியுமா, இல்ல வருகைப் பதிவுக்கு கையெழுத்து போட்டுட்டு வர்றது தானான்னு. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி மாளல, அதான் ஒரே இடத்துல எழுதிடுறேன். ஆஸ்பத்திரி பேரு போடல, மதுரைக்குள்ள இருக்குற ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரின்னு வச்சுக்கங்க. நீங்க எந்த ஆஸ்பத்திரிய பாக்கப் போனாலும் இதுல சொல்றது உதவும்னு நினைக்கிறேன்.

பெத்தவங்க யாராச்சும் படிச்சா அவங்களுக்காக கொஞ்சம் முன்கதை. மருந்துக்கடை வைக்கவா ஆறு வருஷம் படிக்கிறன்னு எங்க சித்தப்பா இன்னைக்கும் கேக்குறாரு. பார்ம் டி, அதாவது டாக்டர் ஆஃப் பார்மசி, 2008ல பார்மசி கவுன்சில் கொண்டு வந்த படிப்பு, அஞ்சு வருஷம் காலேஜ், ஆறாவது வருஷம் முழுக்க ஆஸ்பத்திரில. அதுல 6 மாசம் ஜெனரல் மெடிசின், மிச்சம் 6 மாசத்துல மூணு வேற டிபார்ட்மென்ட், ஒவ்வொன்னுலயும் 2 மாசம். ஆஸ்பத்திரில குறைஞ்சது 300 படுக்கை இருக்கணும்னும் விதி இருக்கு. டாக்டர் மருந்து எழுதுறாரு, சிஸ்டர் குடுக்குறாங்க, நாங்க நடுவுல நின்னு இந்த டோஸ் இந்த ஆளோட கிட்னிக்கு சரியா, இந்த மருந்தும் அந்த மருந்தும் ஒன்னோட ஒன்னு ஒத்துப்போகுமா, வீட்டுக்குப் போயி இத ஒழுங்கா சாப்பிடுவாங்களான்னு பாக்கணும். எனக்கு மெடிசின் முடிஞ்சு நெஃப்ராலஜி (கிட்னி), பீடியாட்ரிக்ஸ் (குழந்தைங்க), சர்ஜரின்னு போட்டாங்க.

ஒரு போஸ்டிங் (ஒரு டிபார்ட்மென்ட்ல போட்டு வைக்கிற காலம்) நல்லதா கெட்டதான்னு இப்ப நான் ஒரே ஒரு விஷயத்த வச்சு தான் சொல்வேன். நேத்து நான் ஒரு மருந்த பத்தி ஒன்னு சொன்னேன், இன்னைக்கு அந்த ஆளுக்கு என்னாச்சுன்னு திரும்பப் போய்ப் பாக்க முடிஞ்சுதா. அது முடிஞ்ச இடத்துல எல்லாம் கத்துக்கிட்டேன், முடியாத இடத்துல ரெண்டு மாசம் நின்னும் ஒன்னும் மனசுல நிக்கல. சேரும்போது இது எனக்குத் தெரியாது, பெரிய கட்டடம், எத்தனை ஸ்பெஷாலிட்டி இருக்குன்னு போர்டை பாத்து தான் சேர்ந்தேன்.

ஜெனரல் மெடிசின் தான் இந்த இடத்தோட உயிர். காலைல 8 மணிக்கு வார்டுக்குப் போயிடணும், ரவுண்ட்ஸ் 9.30க்கு, அதுக்குள்ள உங்களுக்கு குடுத்த பத்து பன்னெண்டு பேரோட கேஸ் ஷீட், டிரக் சார்ட், நேத்து வந்த லேப் ரிப்போர்ட் எல்லாம் பாத்து கையில ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருக்கணும், இல்லன்னா எங்களுக்கு வார்டுல சொல்லிக் குடுக்குற ப்ரீசெப்டர் மேடம் ஒன்னும் திட்ட மாட்டாங்க ஆனா அன்னைக்கு உங்கள ஒரு கேள்வி கூட கேக்க மாட்டாங்க, அது திட்டு வாங்குறத விட கஷ்டமா இருக்கும். மேடம் முதல் நாள் சொல்லிக் குடுத்தது, என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேக்காத, பையக் கொட்டச் சொல்லு. நம்ம ஊருல எல்லாரும் மாத்திரைய மஞ்சப்பையிலயோ கேரி பேக்லயோ தான் கட்டி வச்சிருப்பாங்க, கேட்டா சுகர் மாத்திரை ஒன்னு பிரஷர் மாத்திரை ஒன்னுன்னு சொல்லுவாங்க, கொட்டினா தான் உண்மை தெரியும்.

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு தாத்தா, காலைல எந்திரிக்கல, வேர்த்துக் கொட்டிக் கெடந்தாருன்னு தூக்கிட்டு வந்தாங்க, சுகர் ரொம்ப எறங்கிருந்துச்சு. ஏத்தி சரியாக்கிட்டாங்க. சாப்பிடாம மாத்திரை போட்டிருப்பாருன்னு எல்லாரும் நினைச்சோம், அப்பத்தாவும் அவரு சரியா திங்கிறதே இல்ல தாயின்னு சொல்லுச்சு. வீட்ல இருந்து பைய எடுத்துட்டு வரச் சொல்லிக் கொட்டுனா ரெண்டு அட்டை, கலரு வேற, கம்பெனி பேரு வேற, ரெண்டுலயும் உள்ள இருந்தது அதே கிளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரை. ஒன்னு ஊர்ல ஒரு டாக்டர் எழுதினது, இன்னொன்னு டவுன்ல எழுதினது, ரெண்டையும் மாசக்கணக்குல போட்டிருக்காரு. அதோட கிட்னியும் வயசுக்கு ஏத்த மாதிரி குறைஞ்சு போயிருந்துச்சு, மருந்து உடம்ப விட்டு வெளிய போக நேரமாகும். நான் மேடத்துகிட்ட சொல்ல, மேடம் டாக்டர்கிட்ட நீயே சொல்லுன்னுட்டாங்க. கை நடுங்குச்சு, ஆனா டாக்டர் நின்னு கேட்டாரு, அந்த ரெண்டு அட்டையையும் கையில வாங்கிப் பாத்தாரு. மூணு நாள் அந்தத் தாத்தாவோட சுகர் சார்ட்டை நான் தான் பாத்தேன், டிஸ்சார்ஜ் அன்னைக்கு எந்த அட்டைய வைக்கணும் எத தூக்கிப் போடணும்னு அப்பத்தாகிட்ட நானே காமிச்சுக் குடுத்தேன்.

இன்னொன்னு என்னால மறக்க முடியாதது. 70 வயசு, 45 கிலோ தான் இருக்கும் அந்தம்மா, கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) 1.4. ரிப்போர்ட்ல பாத்தா கொஞ்சம் கூட, அவ்வளவு தானேன்னு தோணும், நானும் அப்படித் தான் தாண்டிப் போனேன். கணக்கு போட்டியான்னு மேடம் கேட்டாங்க. காக்ராஃப்ட் கால்ட் ஃபார்முலா தான், 140ல வயச கழிச்சு எடையால பெருக்கி, 72ஐ கிரியாட்டினினால பெருக்கி அதால வகுத்து, பொம்பளைங்கன்னா 0.85ஆல பெருக்கணும். போட்டா 26.6 வந்துச்சு. நிமிஷத்துக்கு 26 மில்லி தான் வடிகட்டுற கிட்னிக்கு லீவோஃபிளாக்சசின்ங்கிற ஆன்டிபயாட்டிக் 750 மில்லிகிராம் தினமும் ஓடிட்டு இருந்துச்சு, அந்த அளவுக்கு அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போக வேண்டிய மருந்து. அன்னைக்கே மாத்துனாங்க. பரீட்சைக்கு இந்த ஃபார்முலாவ எத்தனை தடவ எழுதியிருப்பேன், ஒரு மெலிஞ்ச வயசான அம்மாவுக்கு 1.4ங்கிறது சின்ன நம்பர் இல்லங்கிறது அன்னைக்குத் தான் உறைச்சுச்சு. அதுக்கப்புறம் வயசானவங்க யாரு வந்தாலும் முதல்ல எடை என்னன்னு பாப்பேன். கேஸ் ஷீட்ல எடை எழுதாம விட்டிருப்பாங்க பாதி பேருக்கு, அப்ப நானே மெஷின தூக்கிட்டுப் போயி பாத்துருவேன்.

கவுன்சலிங் பத்தி தனியாச் சொல்லணும். காலேஜ்ல அஞ்சு வருஷமும் இங்கிலீஷ்ல படிச்சுட்டு வந்து மேலூர் அம்மாச்சி முன்னாடி உக்காந்தா வாயே வராது. எம்டி ஸ்டொமக்குன்னா வெறும் வயித்துல, இதெல்லாம் சுலபம், ஆனா இன்ஹேலர எப்படி விளக்குவீங்க. ஒரு அம்மாச்சி மூணு மாசமா ரோட்டாகேப்ப (இன்ஹேலர் மெஷின்ல போட்டு மூச்சுல இழுக்குற பவுடர் கேப்ஸ்யூல்) தண்ணி ஊத்தி முழுங்கிட்டு இருந்துச்சு, மெஷின பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன் பாப்பான்னுச்சு. யாரு மேலயும் குத்தம் சொல்ல முடியாது, பாக்க மாத்திரை மாதிரியே இருக்கு, மாத்திரைன்னா முழுங்குறது தானே. நாம சொல்றது பத்தாது, அவங்கள செஞ்சு காட்டச் சொல்லணும்னு மேடம் அடிச்சு சொல்லுவாங்க. மூச்ச முழுசா வெளிய விட்டுட்டு, வாய வச்சு வேகமா இழுத்து, பத்து எண்ணுற வரைக்கும் அடக்கி, அப்புறம் வாய கொப்புளிச்சுத் துப்பணும். அம்மாச்சிக்கு நாலாவது தடவ தான் சரியா வந்துச்சு. மறு மாசம் ஓபிக்கு வந்தப்ப என்னத் தேடி வந்து இழுத்துக் காட்டிட்டுப் போச்சு.

இன்சுலின்ல ஒரு விஷயம், பார்ம் டி படிக்காதவங்களும் தெரிஞ்சுக்கங்க. நம்ம நாட்டுல குப்பில வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு செவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவுல வர்றது ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஒரு அண்ணன் பேனா ஊசி தீந்துருச்சுன்னு பேனா கார்ட்ரிட்ஜ்ல இருந்து செவப்பு மூடி சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்துப் போட்டிருக்காரு. 20ன்னு நினைச்சு போட்டது 50 யூனிட், இரண்டரை மடங்கு. நல்ல வேளை வீட்ல ஆள் இருந்துச்சு, சீனித்தண்ணி குடுத்து கூட்டிட்டு வந்துட்டாங்க. அதுலருந்து இன்சுலின் போடுற யாரு டிஸ்சார்ஜ் ஆனாலும் சிரிஞ்சு மூடி என்ன கலருன்னு கேக்காம நான் விட்டதில்ல.

மருந்தால வர்ற பக்கவிளைவ ரிப்போர்ட் பண்றதையும் இங்க தான் உருப்படியா கத்துக்கிட்டேன். ஒருத்தருக்கு வான்கோமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்க நரம்புல ஏத்திட்டு இருக்கும்போதே மூஞ்சி கழுத்தெல்லாம் செவந்து அரிப்பு வந்துருச்சு. 1 கிராம்னா குறைஞ்சது ஒரு மணி நேரம் ஏறணும், அன்னைக்கு கூட்டம், இருபது நிமிஷத்துல ஏறியிருக்கு. நிறுத்தி, அலர்ஜி மருந்து குடுத்து, அடங்கின பிறகு அடுத்த டோஸ ரெண்டு மணி நேரமா மெதுவா ஏத்துனாங்க, ஒன்னும் ஆகல. ஃபார்ம் எடுத்ததும் சிஸ்டர் முகம் மாறிருச்சு, என் பேரு வருமா பாப்பான்னு கேட்டாங்க. அந்த ஃபார்ம்லயே போட்டிருக்கு, ரிப்போர்ட் பண்றதால யாரும் தப்ப ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்லன்னு, அதப் படிச்சுக் காமிச்ச பிறகு தான் அவங்களே எத்தனை மணிக்கு ஆரம்பிச்சாங்கன்னு சரியா சொன்னாங்க. இந்த மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010ல ஆரம்பிச்சது, 2011ல இருந்து காசியாபாத்ல இருக்குற பார்மகோபியா கமிஷன் தான் நடத்துது. 1800-180-3024ன்னு இலவச நம்பர் இருக்கு, பொதுமக்களே கூப்பிட்டு சொல்லலாம். அப்புறம் அந்த பக்கவிளைவு உண்மையிலயே அந்த மருந்தால தான் வந்துச்சான்னு பாக்க நரான்ஜோ ஸ்கேல்னு 10 கேள்வி போட்டு மார்க் போடுவோம், அதுல மறுபடி குடுத்தப்ப திரும்ப வந்துச்சான்னு ஒரு கேள்வி. மெதுவா குடுத்தப்ப வரலையே, அப்ப இல்லன்னு போடுறதா, வேகம் மாறிட்டா அது அதே மாதிரி குடுத்ததாகுமான்னு நானும் மேடமும் அரை மணி நேரம் பேசினோம். காலேஜ்ல இதுக்கு ஒரே பதில் தான்னு நினைச்சுட்டு இருந்தேன்.

நெஃப்ராலஜி ரெண்டு மாசம் தான்னாலும் எனக்கு ரொம்ப பிடிச்சது. காரணம் டயாலிசிஸ் யூனிட். அதே ஆளுங்க வாரத்துல ரெண்டு தடவ, சில பேரு மூணு தடவ வருவாங்க, நாலு மணி நேரம் படுத்தே இருப்பாங்க, பேச ஆள் கிடைச்சா சந்தோஷப்படுவாங்க. ஒரு அண்ணனுக்கு பாஸ்பரஸ் 7க்கு மேலயே நின்னுச்சு, மாத்திரை ஒழுங்கா போடுறேன்னு சத்தியம் பண்ணுறாரு, உண்மையாவே போடுறாரு தான், மூணு வேளை மாத்திரையையும் சேத்து ராத்திரி படுக்கும்போது ஒரேயடியா போட்டிருக்காரு. அந்த மாத்திரை சோத்துல இருக்குற பாஸ்பேட்ட வயித்துலயே பிடிச்சு வைக்கிறதுக்கு, சோறு இல்லாம போட்டா பிடிக்க ஒன்னும் இருக்காது. சாப்பாட்டுத் தட்டு பக்கத்துலயே மாத்திரைய வைக்கச் சொன்னேன். அடுத்த மாச ரிப்போர்ட்ல 5 பக்கம் எறங்கியிருந்துச்சு, அத நான் என் கண்ணால பாத்தேன், அதுக்கு தான் சொல்றேன் திரும்பப் பாக்குறது முக்கியம்னு. வெயில் காலத்துல இளநி பிரச்சனை வேற, சித்திரை மாச வெயில்ல யாரு வீட்டுக்கு வந்தாலும் இளநி வெட்டிக் குடுப்பாங்க, அதுல பொட்டாசியம் எவ்வளவு இருக்கு, டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கு அது அதிகமானா இதயத்தையே நிறுத்திரலாம்னு சொன்னா நம்பவே மாட்டாங்க, உடம்புக்கு குளுமை தானே பாப்பான்னு கேப்பாங்க. வேண்டாம்னு மட்டும் சொன்னா குடிச்சுருவாங்க, ஏன்னு சொன்னா தான் நிறுத்துவாங்க.

பீடியாட்ரிக்ஸ் சுமார். டாக்டர்ஸ் அன்பா இருந்தாங்க, ஆனா எங்களுக்குன்னு ப்ரீசெப்டர் அங்க கிடையாது, மெடிசின் மேடம் வாரத்துக்கு ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போவாங்க, அவங்களுக்கும் வேலை தலைக்கு மேல. பிள்ளைகளும் ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் விட்டதும் போயிடுவாங்க. இருந்தாலும் எடைக்கு எடை டோஸ் போட்டுப் பழகினேன். பாராசிட்டமால் டிராப்ஸ் ஒரு மில்லில 100 மில்லிகிராம், சிரப் அஞ்சு மில்லில 125, அதாவது டிராப்ஸ் நாலு மடங்கு கெட்டி. கைப்பிள்ளைக்குன்னு டிராப்ஸ் வாங்கிட்டுப் போயி சிரப் மாதிரி அஞ்சு மில்லி ஊத்துனா 500 மில்லிகிராம் போயிரும், பத்து கிலோ பிள்ளைக்கு வேண்டியது 150 தான். அம்மாக்கள்கிட்ட வீட்டு ஸ்பூன தொடாதீங்க, பாட்டிலோட வர்ற மூடியோ டிராப்பரோ அதுலயே அளந்து குடுங்கன்னு தினமும் சொல்லுவேன். ஆன்டிபயாட்டிக் பவுடர் பாட்டில்ல கோடு வரைக்கும் ஆற வச்ச தண்ணி ஊத்துறத ஒரு தடவ அவங்க முன்னாடியே செஞ்சு காட்டிட்டா போதும்.

சர்ஜரி ரெண்டு மாசம் வீண். மனசார சொல்றேன், ரொம்ப ஏமாத்தமா இருந்துச்சு. ரவுண்ட்ஸ் காலைல 7 மணிக்கு, இருபது நிமிஷத்துல முடிஞ்சுரும், நாங்க பின்னாடி கடைசில நிப்போம், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. மிச்ச நேரத்துக்கு எங்கள பார்மசி ஸ்டோருக்கு அனுப்பிருவாங்க, ஸ்டாக் எண்ணுறது, ஆள் இல்லன்னா பில்லிங்ல உக்கார்றது. வேலைய குறைச்சு சொல்லல, ஸ்டோர்ல இருந்த அண்ணனுங்க தான் எனக்கு ஒரே மாதிரி பேரு ஒரே மாதிரி டப்பா இருக்குற மருந்துகள எப்படி தள்ளித் தள்ளி வைக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க, ஆனா அதுக்கு ரெண்டு நாள் போதும், ரெண்டு மாசம் வேணாம். இத்தனைக்கும் சர்ஜரில எங்களுக்கு வேலை எவ்வளவு இருக்கு! ஆபரேஷனுக்கு முன்னாடி போடுற ஆன்டிபயாட்டிக் கத்தி வைக்கிறதுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள போகணும், பெரும்பாலான ஆபரேஷனுக்கு 24 மணி நேரத்துக்கு மேல தேவையில்ல, அங்க அஞ்சு நாள் ஆறு நாள்னு ஓடுறத சார்ட்ல பாத்தேன். ஒரு தடவ எழுதி வச்சேன், அந்தப் பேப்பர யாரு பாத்தாங்கன்னே தெரியல, அடுத்த நாள் நான் ஸ்டோர்ல இருந்தேன். லாக் புக்ல மட்டும் அந்த ரெண்டு மாசத்துக்கும் முழு கையெழுத்து இருக்கு. காலேஜ்ல ஃபீட்பேக் கேட்டப்ப இத அப்படியே எழுதிக் குடுத்துட்டேன், அடுத்த பேட்ச்சுக்காவது மாறணும்.

பணம் பத்தி. எங்க பேட்ச்சுக்கு ஸ்டைபண்ட் (மாசா மாசம் குடுக்குற உதவித்தொகை) கிடையாது, கடைசி வருஷ ஃபீஸும் கட்டணும். நான் திருமங்கலத்துல இருந்து பஸ்ல வந்து போனேன், கூடப் படிச்ச ரெண்டு பேரு ஹாஸ்டல் போட்டுத் தங்குனாங்க, அந்தச் செலவு வேற. எம்பிபிஎஸ் ஹவுஸ் சர்ஜனுக்கு ஒரு தொகை குடுக்குறாங்க, அதே வார்டுல அதே நேரம் நிக்கிற எங்களுக்கு பஸ் காசாவது குடுக்கலாம். உக்கார ஒரு அறை கிடையாது, நர்சிங் ஸ்டேஷன் ஓரமா ஒரு ஸ்டூல், சிஸ்டர்ஸ் நல்லவங்கறதால அது கிடைச்சுது. கேன்டீன் சாப்பாடு பரவால்ல, மத்தியானம் சாம்பார் சாதம் நல்லாருக்கும். மத்தபடி பொம்பளப் பிள்ளைகளுக்கு பாதுகாப்பான இடம், சாயங்காலம் 5 மணிக்கு விட்டுருவாங்க, அத அப்பா அம்மாமாருக்கு தைரியமா சொல்லலாம்.

மார்க் போடச் சொன்னா மெடிசினுக்கு 5க்கு 5, நெஃப்ராலஜிக்கு 4.5, பீடியாட்ரிக்ஸுக்கு 3, சர்ஜரிக்கு 1. அந்த ஒன்னும் ஸ்டோர் அண்ணனுங்களுக்காக. ஆனா 12 மாசத்துல 6 மாசம் மெடிசின் தானே, அதுனால நான் போங்கன்னு தான் சொல்வேன், மூணாவது ஸ்பெஷாலிட்டிய மட்டும் சர்ஜரி இல்லாம வேற கேட்டு வாங்குங்க, முன்னாடியே எழுதிக் குடுத்தா மாத்திக் குடுக்குறாங்க, எங்களுக்கு அது தெரியாமப் போச்சு.

வேற ஆஸ்பத்திரி பாக்கப் போறவங்க எத்தனை படுக்கை, எத்தனை மாடின்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க. இன்டர்ன்ஸ பாத்துக்கறதுக்குன்னே வார்டுல ஒரு கிளினிக்கல் பார்மசிஸ்ட் இருக்காங்களா, டிஸ்சார்ஜ் கவுன்சலிங் நம்ம கையில குடுப்பாங்களா, மறுபடி ஓபிக்கு வர்றவங்கள நாம பாக்கலாமான்னு கேளுங்க. ஆபீஸ்ல கேட்டா எல்லாத்துக்கும் ஆமான்னு தான் சொல்லுவாங்க, அங்க இப்ப இருக்குற இன்டர்ன்கிட்ட தனியா கேளுங்க, முடிஞ்சா அவங்க லாக் புக்க வாங்கிப் பாருங்க. ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு நாள் குறிப்பு மட்டும் இருந்தா அங்க திரும்பப் பாக்குற பழக்கம் இல்லன்னு அர்த்தம், ஒரே ஆளுக்கு அஞ்சு நாள் ஆறு நாள்னு குறிப்பு ஓடியிருந்தா நம்பிச் சேரலாம்.

எங்க மேடம்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், புது பேட்ச் சேர்றதுக்கு முன்னாடி யாராச்சும் ஒரு நாள் வந்து ரவுண்ட்ஸ்ல நின்னு பாக்கணும்னா விடுறேன்னு சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரி பேரு வேணுங்கிறவங்க மெசேஜ் பண்ணுங்க, சொல்றேன். வரும்போது கோட்டு போட்டு, கால்குலேட்டர் எடுத்துட்டு 8 மணிக்கே வந்துருங்க.